ஆடும் நாற்காலியின் ஆங்கிலம்

இந்தக் கதையில் உள்ள ஒவ்வொரு சொல்லும் சத்தியம். எதன்மேல் கைவைக்கச் சொன்னாலும் வைக்கலாம்; ஒரு கை போதாது என்றால் இரண்டு கை. கூட்டிச் சொன்னது ஒரு வரிகூட இல்லை. நம்பமாட்டீர்களே என்று பயந்து சில இடங்களில் நடந்ததைக் குறைத்துச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

பதினான்கு பிளாட்பாரம் உள்ள ஒரு பெரிய பேருந்து நிலையம். நாற்பது ஊர்க்காரர்களும் ஏழெட்டு மொழிக்காரர்களும் வந்துபோகிற இடம் என்பதால், எந்த வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பதையெல்லாம் ஆங்கிலத்தில்தான் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அதற்கென்றே மாடிப்படி ஏறியதும் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், மைக் உயிரோடு இருப்பதைக் காட்ட ஒரு பச்சை விளக்கு. அந்த மைக்கின் முன்னால் உட்காருவதற்கு மணிக்குரல் பதினொரு வருடம் காத்திருந்தார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கூப்பிட ஆளில்லாமல் அது துருப்பிடித்துப் போயிருந்தது. அந்தப் பதினொரு வருடமும் அவருக்கு வேலை தரைக்குக் கீழே, பயணிகள் மறந்துவிட்டுப் போன சாமான்களைக் காக்கும் அறையில். ஜன்னல் கிடையாது. முந்நூற்றுச் சொச்சம் குடைகள், ஒற்றைச் செருப்புகள் ஒரு மூட்டை, ஒன்பது வருடமாக யாரும் தேடி வராத ஒரு பல்செட்டு. பேச்சுத்துணை என்று பார்த்தால் அந்தப் பல்செட்டுதான். ஒருநாள், “யாருப்பா அது, நீலக் குடையை விட்டுட்டுப் போனது?” என்று கீழேயிருந்து ஒரு குரல் கொடுத்தார். இரண்டாம் மாடியில் மேனேஜரின் டீ டம்ளரில் அலை எழும்பியது. பழைய அறிவிப்பாளர் அம்மா ஓய்வு பெற்ற மறுநாளே மேனேஜர் கீழே இறங்கிப் போய் அவரைக் கையோடு மேலே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று மாதம் தற்காலிகம். சரிப்பட்டு வந்தால் நிரந்தரம்.

சரிப்பட்டு வரவில்லை.

குரலில் குறையில்லை. இலக்கணத்தில் குறையில்லை. எழுதிக் கொடுத்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் படித்தார். குறை எங்கே என்றால், மனுஷர் ரொம்ப நியாயஸ்தர். பாகப்பிரிவினையில் எந்தத் தம்பிக்கும் ஓர் அங்குலம் குறைந்துவிடக் கூடாது என்று கயிறு பிடித்து அளக்கிற அண்ணன் மாதிரி, எல்லா அசைக்கும் சமபங்கு கொடுத்தார். பா-சஞ்-சர்ஸ் என்றால் மூன்றுக்கும் மூன்று பங்கு. இம்-மீ-டி-யட்-லி என்றால் ஐந்துக்கும் ஐந்து. தமிழில் அப்படிப் பேசினால், அட, என்ன தெளிவு என்று மெச்சுவார்கள். அதே நியாயத்தை ஆங்கிலத்துக்கும் செய்ததுதான் வினையாகிப் போயிற்று. கீழே கூடத்தில் இருந்தவர்கள் காதில் அது தகரக் கூரைமேல் மழை பெய்வது போல விழுந்தது. கம்பீரமான மழைதான். ஆனால் எந்தச் சொட்டு எந்த வண்டிக்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

முதல் வாரத்திலேயே அறுபத்தொரு பேர் வண்டியைக் கோட்டைவிட்டார்கள். ஒரு வயதான தம்பதி தவறான வண்டியில் ஏறி, தவறான ஊரில் இறங்கி, அந்த ஊர் பிடித்துப்போய் அங்கேயே வீடு வாங்கிக்கொண்டு, நன்றி தெரிவித்துக் கடிதம் போட்டார்கள். மேனேஜர் அந்தக் கடிதத்தைப் புகார் கோப்பில் வைத்தார்.

வைத்த கையோடு மணிக்குரலைக் கூப்பிட்டார்.

“மணி, உங்க குரல் இருக்கே, தேன். கேட்டுக்கிட்டே இருக்கலாம்.”

“நன்றி சார்.”

“அதான்யா பிரச்சனை. எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒருத்தராவது எந்திரிச்சு வண்டிக்குப் போகணும்ல?”

“இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லிப் பாக்கட்டுமா சார்?”

“வேணாம். போன வாரம் சத்தமாச் சொன்னதுல ஏழாவது பிளாட்பாரத்து லைட்டு போச்சு.” மேனேஜர் மேசைமேல் சாய்ந்தார். “உங்க மூணாவது மாசம் இருபதாம் தேதி தலைமை ஆபீஸ்லேர்ந்து ஒரு அம்மா வராங்க. பெரிய பரிசோதகர். கூடத்துல கடைசி பெஞ்சுல கண்ணை மூடிக்கிட்டு உக்காருவாங்களாம். மூணு அறிவிப்பு. காதுல விழுந்து புரிஞ்சதை எழுதிக்குவாங்க. புரிஞ்சுதுன்னா நீங்க நிரந்தரம். புரியலேன்னா...” என்று ஆட்காட்டி விரலைத் தரையை நோக்கிக் காட்டினார்.

அந்த விரல் காட்டிய இடம் மணிக்குரலுக்கு நன்றாகத் தெரியும். முந்நூறு குடைகளும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருந்தது.

அவரும் சும்மா இருக்கவில்லை. மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அறிவிப்பு முடிவதற்குள் வண்டி போய்விட்டது. வேகமாகச் சொல்லிப் பார்த்தார். மழை ஆலங்கட்டி மழையாயிற்று. ஒவ்வோர் எழுத்தையும் பல்லால் கடித்துத் துப்பினார், மைக் நனைந்தது. இப்படியாக இரண்டரை மாதம் ஓடியது.

பதினோராம் தேதி, அவர் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியின் சக்கரம் ஒன்று கழன்று ஓடிவிட்டது. ஓடிவிட்டது என்றால் பேச்சுக்குச் சொல்வதில்லை. அறைக்கதவைத் தாண்டி, படியிறங்கி, நான்காம் பிளாட்பாரத்தில் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு வண்டியில் ஏறிப் போய்விட்டது. அடுத்த அறிவிப்புக்கு நான்கு நிமிடம்தான் இருந்தது. நின்றுகொண்டு பேசினால் கால் நடுங்கும் என்று பயந்து, சாமான் அறைக்கு ஓடி, மூலையில் கிடந்த ஒரு மரநாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். பழைய அறிவிப்பாளர் அம்மா முப்பது வருடம் உட்கார்ந்த நாற்காலி; அவர் ஓய்வு பெற்றதும் கீழே தள்ளியிருந்தார்கள். முன்பக்கத்து இடது கால் மட்டும் அரை விரற்கடை குட்டை.

பச்சை விளக்கு எரிந்தது. “அட்டென்ஷன் பிளீஸ்” என்று ஆரம்பித்தார்.

‘அட்’ என்னும்போது நாற்காலி பேசாமல் இருந்தது. ‘டென்’ வந்ததும் ‘டொக்’ என்று முன்னால் சாய்ந்தது. மணிக்குரலின் முகவாய் இறங்கியது, வயிற்றிலிருந்து ஒரு மூச்சு கூடுதலாகப் புறப்பட்டது, அந்த ஓர் அசை மட்டும் நீண்டு, உரத்து, கொஞ்சம் மேலேயும் எழும்பியது. நாற்காலி திரும்பிச் சாய்ந்தபோது ‘ஷன்’ என்பது ஓரமாய் ஒதுங்கி முணுமுணுத்துவிட்டுப் போயிற்று. அடுத்து ‘பாசஞ்சர்ஸ்’. இந்த முறை நாற்காலி காத்திருக்கவில்லை. ‘பா’விலேயே டொக். மிச்சம் இரண்டும் மூச்சுப் பேச்சில்லாமல் பின்னால் நடந்தன. ‘டிபார்ச்சர்’ என்றதற்கு நடுவில் டொக். ‘இன்ஃபர்மேஷன்’ என்ற நீளமான ஆசாமிக்கு இரண்டு அசையை விட்டுவிட்டு மூன்றாவதில் டொக்.

அறிவிப்பு முடிந்து அவர் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார். கூடத்தில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் விமான நிலையம் போக வேண்டிய எண்பத்தேழு பேர் ஒரே நேரத்தில் எழுந்து, பெட்டியைத் தூக்கி, ஒன்பதாம் பிளாட்பாரத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு கைக்குழந்தைகூடத் தலையைத் திருப்பியது.

படியில் தடதடவென்று சத்தம். டிக்கெட் அக்கா மூச்சிரைக்க வந்து நின்றாள். மூன்றாம் ஜன்னலில் டிக்கெட் கொடுக்கிறவள். அவரை அவள் அண்ணே என்பாள், அவளை அவர் அக்கா என்பார். இருவரில் மூத்தவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட இது இருவருக்கும் வசதியாக இருந்தது.

“மணியண்ணே! இப்போ பேசினது யாரு?”

“நான்தான் அக்கா.”

“விளையாடாதீங்க. புரிஞ்சுதே!”

டிக்கெட் அக்காவுக்கு ஒரு குணம் உண்டு. புரியாத ஒன்று கண்ணில் பட்டால் அதைப் பிரித்துப் போட்டுப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. டிக்கெட் அச்சடிக்கும் இயந்திரத்தை இப்படித்தான் ஒருமுறை பிரித்தாள். மாட்டிய பிறகு இரண்டு திருகாணி மிஞ்சியது. இயந்திரம் முன்னைவிட வேகமாக ஓடியது. அன்று மதிய இடைவேளையிலேயே ஒரு டிக்கெட் சுருளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டாள். நாற்காலியைச் சுற்றி இரண்டு தரம் நடந்தாள்.

“எந்திரிங்க. நான் உக்காந்து பேசறேன்.”

அவள் பேசினாள். எண்பது பேர் எழுந்தார்கள். சாதாரண ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பேசினாள். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். குட்டைக் காலுக்கு அடியில் டிக்கெட் தாளை நாலாய் மடித்து வைத்துப் பார்த்தார்கள்; ஆட்டமும் போயிற்று, அர்த்தமும் போயிற்று. தாளை உருவியதும் இரண்டும் திரும்பி வந்தன. வாழ்நாளில் நான்கே ஆங்கிலச் சொல் தெரிந்த, பெட்டி ஏற்றும் தள்ளுவண்டிக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அவர் அந்த நான்கையும் மைக்கில் சொன்னார். கீழே ஒரு வெளிநாட்டுக்காரர் கைதட்டினார்.

அக்கா சுருளில் குறித்துக்கொண்டே போனாள். குறிப்பு மாடிப்படி வரை நீண்டது.

“அண்ணே, இதைப் பாருங்க. ஒவ்வொரு வார்த்தையிலயும் ஒரே ஒரு துண்டுல டொக். அது எப்பவும் ஒரே இடத்துல விழுது. லக்கேஜுக்கு மொதல்ல. அரைவலுக்கு நடுவுல. டிலேய்டுக்குக் கடைசில. மாறவே மாட்டேங்குது.”

“மாத்தினா என்ன ஆகும்?”

“மாத்திப் பாருங்களேன்.”

மணிக்குரல் நாற்காலியில் உட்கார்ந்து, வேண்டுமென்றே ‘லக்கேஜ்’ என்பதில் கடைசி அசையைப் போட்டு அழுத்தினார். நாற்காலி அவரைச் சுவரோரமாகக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பியது.

“அதுக்குப் பிடிக்கல” என்றாள் அக்கா, எழுதிக்கொண்டே.

“எனக்கு ஒண்ணுதான் புரியல” என்றார் மணிக்குரல், முட்டியைத் தேய்த்தபடி. “நான் எல்லாத் துண்டையும் தூக்கித் தூக்கிச் சொன்னேன். ஒருத்தனுக்கும் புரியல. இது ஒண்ணை மட்டும் தூக்கிட்டு மத்ததையெல்லாம் முழுங்குது. முழுங்கினா எப்படிப் புரியும்?”

அக்கா பென்சிலைக் காதில் செருகினாள். “கூட்டத்துல எல்லாரும் நாற்காலிமேல ஏறி நின்னா யாரு உசரம்னு எப்படித் தெரியும்? ஒருத்தர் ஏறி நிக்கணும், மத்தவங்க கீழ நிக்கணும். அவங்க காது அந்த ஒருத்தரைத் தேடிப் பிடிச்சுக்கிட்டு, மிச்சத்தை அதுவே ரொப்பிக்குதுன்னு நினைக்கறேன். இருங்க, இன்னொண்ணு பாத்துடலாம்.”

வாயை மூடிக்கொண்டு, ஒரு சொல்கூடச் சொல்லாமல், மைக்கில் வெறுமனே முனகினாள். விமான நிலைய வண்டிக்கான அறிவிப்பு முழுவதையும், எங்கே ஏற்றமோ அங்கே ஏற்றி, எங்கே இறக்கமோ அங்கே இறக்கி, ம்ம்-ம்ம் என்றே முனகி முடித்தாள். கீழே பாதிப் பேர் எழுந்து ஒன்பதாம் பிளாட்பாரத்துக்குப் போனார்கள். மீதிப் பாதியில் ஒருவர் மட்டும் டிக்கெட் ஜன்னலுக்கு வந்து, அறிவிப்பாளருக்கு ஜலதோஷமா என்று விசாரித்துவிட்டு, பிறகு ஒன்பதாம் பிளாட்பாரத்துக்குப் போனார்.

நாற்காலிக்கு ஆங்கிலம் மட்டும்தான் வரும் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. மணிக்குரல் அதில் உட்கார்ந்தபடியே வீட்டுக்குப் போன் போட்டு, சாயங்காலம் என்ன வாங்கி வரட்டும் என்று தமிழில் கேட்டார். நாற்காலி தன் பாட்டுக்கு ஆட, சொல்லுக்கு ஓரிடத்தில் எகிறியும் மற்ற இடங்களில் பதுங்கியும் வந்த பேச்சைக் கேட்டு மனைவி போனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் பார்த்தாள்.

“யாருங்க நீங்க?”

“நான்தான்டி.”

“எங்க வீட்டுக்காரர்கிட்ட போனைக் குடுங்க. குதிரைமேல உக்காந்துக்கிட்டுப் பேசறவங்ககிட்ட எல்லாம் நான் பேசறதில்ல.”

கடைசியில் எஞ்சிய கேள்வி, நாற்காலிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்பது. அக்கா அதற்கும் விடவில்லை. ஓய்வு பெற்ற அறிவிப்பாளர் அம்மாவுக்கே போன் போட்டுவிட்டாள்.

“நானாம்மா? நான் எதையும் அழுத்தலையே” என்றது மறுமுனை. “நாற்காலி ஆடுச்சு. அது போக்குல நான் பேசினேன். முப்பது வருஷம் அப்படியே போயிடுச்சு.”

“அப்போ அந்தக் காலு எப்படிம்மா தேஞ்சுது? புதுசுல நாலும் சமமாத்தானே இருந்திருக்கும்?”

“நான் அழுத்தி அழுத்திப் பேசினதுல தேஞ்சிருக்கும்.”

“நீங்கதான் அழுத்தவே இல்லேன்னீங்களே?”



“முப்பது வருஷம் நிம்மதியாப் பேசிட்டு வந்தேன். இப்போ ஏம்மா இதையெல்லாம் கிளப்பறே?” என்று அந்த அம்மா போனை வைத்துவிட்டார்.

அடுத்த எட்டு நாளும் நிலையத்தில் ஒருவர்கூட வண்டியைத் தவறவிடவில்லை. பக்கத்து ஊர் நிலையத்தில் ஏற வேண்டியவர்கள்கூட, அறிவிப்பைக் கேட்பதற்காகவே இங்கே வந்து ஏறியதாகப் பேச்சு. மேனேஜர் மணிக்குரலைப் பார்க்கும்போதெல்லாம் விரலை மேலே காட்டினார். மணிக்குரல் மட்டும் நாற்காலியைப் பற்றி வெளியில் மூச்சுவிடவில்லை. தான் பேசவில்லை, நாற்காலி பேசுகிறது என்று தெரிந்தால் நாற்காலியை நிரந்தரமாக்கிவிட்டு அவரைக் கீழே அனுப்பிவிடமாட்டார்களா? மனைவியிடம் மட்டும் பத்தொன்பதாம் தேதி ராத்திரிச் சாப்பாட்டில் வாய் தவறி, “அந்த நாற்காலி ஆடற ஆட்டம் இருக்கே...” என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

நிறுத்தியிருக்கக் கூடாது. முழுவதையும் சொல்லியிருக்க வேண்டும்.

மனைவிக்கு ஒரு தம்பி. தச்சு வேலை. தன் அக்காவுக்கு ஒன்று என்றால் இழைப்புளியைப் போட்டது போட்டபடி ஓடிவருகிறவன். அவன் கைவேலையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் புகழ்ச்சியைத் தவிர வேறு வார்த்தை பேச முடியாது. ஒருதரம் அவன் செய்துகொடுத்த முக்காலியைப் பார்த்து மணிக்குரல் “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டார். நாலு மாதம் உப்பில்லாமல் சாப்பிட்டார்.

இருபதாம் தேதி காலை எட்டு மணிக்கு அவர் கண்ணாடி அறைக் கதவைத் திறந்தபோது, தரையெல்லாம் மரச்சுருள். நடுவில் மச்சினன், வேர்வையும் சிரிப்புமாக நின்றான்.

“வாங்க மாமா. உக்காருங்க. சும்மா உக்காருங்க.”

“என்னடா இது?”

“பெரிய அதிகாரி வர்ற நாள்ல மாமா ஆடற நாற்காலியில உக்காந்து அவமானப்படறதான்னு எங்க அக்கா நேத்து அழுவாத குறையாப் போன்ல சொன்னா. ஆறு மணிக்கே வந்துட்டேன். குட்டைக் காலுக்குத் துண்டு ஒட்டி, ரசமட்டம் வெச்சுப் பாத்து, நாலு காலுக்கும் அடியில ரப்பர் போட்டாச்சு. இனிமே பூமி ஆடினாக்கூட இது ஆடாது.”

மணிக்குரல் உட்கார்ந்தார். முன்னால் சாய்ந்தார். பின்னால் சாய்ந்தார். ஒரு மலையின்மேல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

“எப்படி மாமா?”

நாக்கு நுனிவரை வந்ததை உப்பின் ஞாபகத்தோடு சேர்த்து விழுங்கினார். “பி-ர-மா-தம்” என்றார். நான்குக்கும் சமபங்கு.

“நீ கிளம்பேன்டா. உனக்கு ஆயிரம் வேலை இருக்கும்.”

“உங்களைவிட என்ன மாமா வேலை? அதிகாரி நாற்காலியைப் பாத்து என்ன சொல்றாங்கன்னு காதால கேட்டுட்டுத்தான் போவேன்.”

அதற்குள் டிக்கெட் அக்கா கதவில் தலையை நீட்டினாள். “வந்துட்டாங்க. கழிவறைக் கதவுக்குப் பக்கத்துல, கடைசி பெஞ்சு. பெட்டியைக் காலுக்கடியில வெச்சுட்டு, நோட்டைத் தெறந்து வெச்சுட்டு, கண்ணை மூடிக்கிட்டாங்க.” பிறகு அவள் பார்வை நாற்காலியின் காலுக்குப் போனது. குரல் தானாகத் தணிந்தது. “அண்ணே... ஆடலையா?”

“ஆடல.”

“ஐயையோ.”

“பாத்தீங்களா மாமா,” என்று பூரித்தான் மச்சினன், “வந்ததும் கண்ணுல பட்டுடுச்சு.”

ஒன்பது மணி. பச்சை விளக்கு. மணிக்குரல் முதல் அறிவிப்பைச் சொன்னார். பழைய மழை. கூடத்தில் எல்லோரும் மரியாதையாக மேலே பார்த்தார்கள், ஒருவரும் எழவில்லை. கடைசி பெஞ்சில் பரிசோதகர் அம்மாவின் பேனா நோட்டின்மேல் தொங்கிக்கொண்டே இருந்தது, இறங்கவில்லை.

ஒன்பது பத்து. இரண்டாவது அறிவிப்பில் நாற்காலி ஆடாவிட்டால் என்ன, நாமே ஆடுவோம் என்று உடம்பை முன்னும் பின்னும் உலுக்கினார். மச்சினன் முகம் சுருங்கியது. மாமா இப்படிக் குலுங்குகிறார் என்றால் நாற்காலியின் மூட்டு எங்கோ சரியாக இறுகவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிட்டான். அடித்தான்.

அடி விழுந்தபோது மணிக்குரல் ‘டிபார்ச்சர்’ சொல்லிக்கொண்டிருந்தார். ‘டி’யில் டொக். உடம்பு தூக்கிவாரிப்போட, மூச்செல்லாம் அந்த அசைக்குப் போய்விட்டது. ‘பாசஞ்சர்ஸ்’ என்றார், ‘சர்ஸ்’ஸில் டொக். ‘இன்ஃபர்மேஷன்’ என்றார், முதல் அசையிலும் டொக், கடைசி அசையிலும் டொக். கீழே நாற்பது பேர் எழுந்தார்கள், நாற்பது பேர் உட்கார்ந்தார்கள், ஒரு கூட்டம் கழிவறைப் பக்கமாகக் கிளம்பியது, ஒரு டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார். ஒவ்வொரு டொக்கும் மணிக்குரலுக்குச் சோற்றில் கல்லைக் கடித்தது போல இருந்தது. பொறுக்க முடியாமல் மைக்கை அணைத்தார்.

“டேய்! அங்க இல்லடா!”

“எங்க மாமா?” என்றது மேசைக்கடி.

“‘சர்ஸ்’ல எதுக்குடா அடிக்கிற? பாசஞ்சர்ஸ்ல ‘பா’டா! டிபார்ச்சர்ல ‘பார்’! இன்ஃபர்மேஷன்ல ‘மே’! ‘மே’! இவ்வளவு நாளா இதுகூடத் தெரியாதா?”

சொன்ன பிறகுதான் கொட்டாப்புளி நின்றுவிட்டது தெரிந்தது. டிக்கெட் அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், டிக்கெட் இயந்திரத்தைப் பார்ப்பது போல.

“அண்ணே. நாற்காலி ஆடவே இல்ல.”

“அதான் சொல்றேனே...”

“இல்ல, நீங்க இப்போ சொன்னீங்களே. ‘பா’ன்னு சொன்னப்போ உங்க தாடை இறங்குச்சு. ‘மே’ன்னப்போ வயிறு உள்ள போச்சு. யாரு ஆட்டினா?”

மணிக்குரல் முகவாயைத் தொட்டுப் பார்த்தார். மெதுவாக, மைக் இல்லாமல், “அரைவல்” என்றார். முகவாய் நடுவில் இறங்கியது. “டிலேய்டு.” கடைசியில் இறங்கியது. எட்டு நாளில் நாற்காலி ஆட்டிய ஆட்டம் உடம்புக்குள் எங்கோ போய் உட்கார்ந்துவிட்டிருந்தது. அது சரியாக இருந்தபோது தெரியவில்லை. தப்பான இடத்தில் ஒருவன் தட்டியதும்தான், தப்பு என்று உள்ளிருந்து ஏதோ கத்தியது. சரி எது என்று தெரியாதவனுக்குத் தப்பில் கோபம் வருமா?

ஒன்பது பதினைந்து. அவர் எழுந்து நின்றார். கால் நடுங்கவில்லை.

“அட்டென்ஷன் பிளீஸ்.”

பதினொரு வருடத்து இருட்டும் குடைகளும் அந்த ‘டென்’னில் ஏறிக்கொண்டன. ஒவ்வொரு சொல்லிலும் ஓர் அசை எழுந்து நின்றது. மற்றவை அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நடந்தன. முழுங்க வேண்டியதை முழுங்கினார், நீட்ட வேண்டியதை நீட்டினார். துறைமுக வண்டி, பிளாட்பாரம் ஐந்து, உடனே ஏறவும், பெட்டிகளை மறக்க வேண்டாம். அவ்வளவுதான் செய்தி. ஆனால் கூரைச் சட்டத்தில் இருந்த புறாக்கள்கூட ஐந்தாம் பிளாட்பாரத்துக்குப் பறந்து போய் வரிசையாக உட்கார்ந்தன. பழுது பார்க்கும் கொட்டகையில் எஞ்சின் இல்லாமல் நின்ற இரண்டு வண்டிகள் லேசாக நகர்ந்ததைப் பார்த்த சாட்சி உண்டு.

துறைமுகத்துக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். துறைமுகத்தில் ஒரு வேலையும் இல்லாத சிலரும் எழுந்தார்கள். கடைசி பெஞ்சில், கண்ணை மூடியபடியே, பரிசோதகர் அம்மாவும் எழுந்தார். குனிந்து, பெட்டியை மறக்காமல் எடுத்துக்கொண்டு, கூட்டத்தோடு நடந்து, ஐந்தாம் பிளாட்பாரத்தில் நின்ற வண்டியில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்தார். வண்டி போய்விட்டது.

“அவங்க எங்க போறாங்க?” என்று கேட்டபடி மேனேஜர் படியேறி வந்தார்.

“துறைமுகத்துக்கு சார்” என்றாள் அக்கா. “தெளிவாச் சொன்னாரே.”

மூன்று நாள் மணிக்குரலுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. அதிகாரியை நாடு கடத்தியவரை மேலே வைத்திருப்பார்களா, கீழே அனுப்புவார்களா, இல்லை அதற்கும் கீழே ஓர் அறை இருக்கிறதா என்று மேனேஜருக்கே தெரியவில்லை. நான்காம் நாள் துறைமுகத்து முத்திரையோடு தபாலில் ஒரு தாள் வந்தது. நோட்டிலிருந்து கிழித்த பக்கம். ஒன்று என்று போட்டு எதிரே காலி. இரண்டு என்று போட்டு எதிரே ஒரு கேள்விக்குறி. மூன்று என்று போட்டு எதிரே: ‘முழுவதும் புரிந்தது. சொன்னபடியே நடந்தேன். இவரை நிரந்தரமாக்கவும். இங்கே காற்று நன்றாக இருக்கிறது.’

மேனேஜர் அதைச் சத்தமாகப் படித்தார். டிக்கெட் அக்கா சுருளில் கடைசி வரியை எழுதிக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டாள். மணிக்குரல் போய் மைக்கின் தலையைக் கைக்குட்டையால் துடைத்தார், ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை.

மச்சினன்தான் பேசினான். “நாற்காலி கல்லு மாதிரி நின்னதாலதான் மாமா அதைப் பிடிச்சுக்கிட்டு தைரியமா எந்திரிக்க முடிஞ்சுது. என்ன மாமா?”

“ஆமாம்டா” என்றார் மணிக்குரல், ‘மாம்’ என்பதில் முகவாய் இறங்க.

அந்தப் பேருந்து நிலையத்தில், திறப்பு விழா நாளிலிருந்து இன்றுவரை, எல்லா அறிவிப்பும் மின்பலகையில் எழுத்தாக மட்டுமே ஓடுகிறது. ஒலிபெருக்கி என்று ஒன்று அங்கே மாட்டியதே கிடையாது.